வெள்ளையணு இருந்தது, வேலை செய்யவில்லை: ஏழு வயதுச் சிறுவனின் பூஞ்சை நிமோனியா

பெற்றோரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஊர், தேதி, மருத்துவமனை எதையும் சொல்லவில்லை. எங்கள் தரப்பில் நடந்த தவறுகளை மட்டும் மறைக்காமல் சொல்லியிருக்கிறேன்.

பின்னணி

பையனுக்கு ஏழு வயது. கொங்குப் பகுதியில் தோட்டத்து வீடு. அப்பாவுக்கு நாலு மாடு, கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் சோளம். அம்மா, அப்பாவின் சொந்த மாமன் மகள். முதலில் பிறந்த ஆண் குழந்தை பத்து மாதத்தில் "சளிக்காய்ச்சல்" வந்து இறந்துவிட்டது. அடுத்து ஒரு பெண், அவளுக்குப் பத்து வயது, நோய்நொடி இல்லை. மூன்றாவது இவன்.

மே மாதக் கடைசி. ஐந்து நாள் காய்ச்சல், வறட்டு இருமல், இரண்டு நாளாக மூச்சு வாங்குகிறது என்று வந்தான். பக்கத்து ஊர் கிளினிக்கில் ஆன்டிபயாடிக் ஊசி மூன்று நாள் போட்டிருந்தார்கள். குறையவில்லை. வந்தபோது நிமிடத்துக்கு 52 தடவை மூச்சு, ஆக்சிஜன் அளவு 86. எடை 17 கிலோ, வயதுக்கு ஐந்து கிலோவாவது குறைவு. "இவன் எப்பவுமே நோஞ்சானுங்க" என்றார் அப்பா. எல்லாரும் அதை அப்படியே குறித்துக்கொண்டோம்.

முதல் நாள்: பார்த்ததும் நினைத்ததும்

எக்ஸ்-ரேயில் இரண்டு நுரையீரலிலும் தினை இறைத்தது போலப் பொடிப்பொடியாகப் புள்ளிகள். நம் ஊரில் அந்தப் படத்தைப் பார்த்தால் மருத்துவ மாணவர்கூட யோசிக்காமல் சொல்வது ஒன்றுதான்: பரவிய டிபி. நானும் அதைத்தான் சொன்னேன். நாலு வயதில் கழுத்துக்கட்டிக்கு ஆறு மாதம் டிபி மருந்து சாப்பிட்டவன் என்ற தகவலும் அதற்குத் தோதாக இருந்தது. இரைப்பை நீரை எடுத்து, டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை காத்திராமல் அன்று இரவே ரிஃபாம்பிசின் உள்ளிட்ட டிபி மருந்துகளைத் தொடங்கினோம். மூச்சுத்திணறலோடு இருக்கும் குழந்தைக்கு ஒரு நாள் தாமதமும் ஆகாது என்பது அப்போதைய நியாயம். இந்த முடிவு பிறகு எங்கள் கையையே கட்டியது.

ரத்தத்தில் வெள்ளையணு 21,000. அதில் கிருமியை விழுங்கிக் கொல்லும் வகையான நியூட்ரோஃபில் 82 சதவீதம். எச்.ஐ.வி. இல்லை. இமியூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதம் குறையவில்லை, கூடுதலாகவே இருந்தது. ரவுண்ட்ஸில் நான் சொன்ன வாக்கியம் கேஸ் ஷீட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: "நோய் எதிர்ப்புச் சக்தி இயல்பு." அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு எழுதியது அது. அவை வேலை செய்கின்றனவா என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள்: மஞ்சப்பை

சி.டி. ஸ்கேன் எடுத்தோம். புள்ளிகளுக்கு நடுவே புகைபடிந்த கண்ணாடி போன்ற திட்டுகளும் இருந்தன. சிபிநாட் நெகடிவ். சரி, குழந்தைகளுக்கு நெகடிவ் வருவது சகஜம்தானே என்று மருந்தைத் தொடர்ந்தோம். ஆக்சிஜன் தேவை ஏறிக்கொண்டே போனது.

அன்று சாயங்காலம், பட்டமேற்படிப்பு மாணவி ஒருவர் பையனின் அம்மிச்சியோடு (அம்மாவின் அம்மா) வராந்தாவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். ஆறின காபி டம்ளரை வைத்துக்கொண்டு, முதலிலிருந்து சொல்லுங்க என்று கேட்டிருக்கிறார். அம்மிச்சி மடியிலிருந்த மஞ்சப்பையைப் பிரித்தார். கல்யாண வீட்டில் கொடுத்த பை, பெயரெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. உள்ளே மூன்று ஆஸ்பத்திரிகளின் டிஸ்சார்ஜ் சீட்டுகள், ரப்பர் பேண்ட் போட்டு, தேதி வரிசையில். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சீட்டின் நிறத்தையும் மடிப்பையும் வைத்து அடுக்கியிருந்தார்.

பிறந்ததும் இடது தோளில் போட்ட, டிபிக்கான பிசிஜி தடுப்பூசிக்குப் பிறகு மூன்றாம் மாதம் அதே பக்க அக்குளில் நெறி கட்டி, பழுத்து, உடைந்து, ஆற எட்டு மாதம். இரண்டரை வயதில் கல்லீரலில் சீழ்க்கட்டி. டியூப் வைத்து எடுத்த சீழில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. நாலு வயதில் கழுத்து நெறி, பயாப்சியில் கிரானுலோமா (அணுக்கள் திரண்ட கட்டி), "டிபியாக இருக்கலாம்", ஆறு மாத மருந்து. டிபி கிருமி அதில் கண்டுபிடிக்கப்படவே இல்லை.

ஒவ்வொரு சீட்டையும் தனியாகப் பார்த்தால் ஒன்றும் இல்லை. அந்தந்த ஆஸ்பத்திரி அந்தந்தக் கட்டியைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. எல்லாவற்றையும் பெஞ்சின் மேல் பக்கத்தில் பக்கத்தில் பரப்பியபோதுதான் மாணவிக்குப் பொறி தட்டியது. அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் முக்கியம்: காய்ச்சல் வருவதற்கு முன்னால் வீட்டில் என்ன வேலை நடந்தது?

"ஆடிப்பட்டத்துக்கு முன்னால குப்பை அடிச்சமுங்க. ரெண்டு வருசத்துக் குப்பைக்குழி. இவனும் டிப்பர்ல ஏறிக்கிட்டு நாள் பூராவும் குப்பை மேலயே உக்காந்திருந்தானுங்க. லீவு தானுங்களே."

காய்ச்சல் தொடங்கியது அதற்கு ஆறாம் நாள்.

குப்பைக்குழியில் என்ன இருக்கிறது, நுரையீரலில் என்ன நடக்க வேண்டும்

மக்கிய சாணம், வைக்கோல், சருகு இவற்றில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை செழித்து வளரும். குழி உள்ளுக்குள் சூடாவது நமக்குத் தெரியும், கையை விட்டால் சுடும். அந்தச் சூட்டிலும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபூமிகேட்டஸ் சுகமாக இருக்கும். கிளறும்போது எழும் சாம்பல் நிறத் தூசியில் அதன் வித்துகள் கோடிக்கணக்கில் பறக்கும். ஒவ்வொன்றும் 2 முதல் 3 மைக்ரான், அதாவது நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை போகிற அளவு. சாதாரண நாளிலேயே நாம் ஒவ்வொருவரும் நூற்றுக்கணக்கில் இதைச் சுவாசிக்கிறோம். ஒன்றும் ஆவதில்லை.

ஏன் ஆவதில்லை என்பதுதான் சுவாரசியம். வித்து தூங்கும்போது அதன் மேல் வழுவழுப்பான ஒரு புரத உறை இருக்கும். அது நம் அணுக்களின் கண்ணில் படாமல் வித்தை மறைத்துவிடும். ஈரம் பட்டு வித்து உப்பி முளைக்கத் தொடங்கியதும் உறை கிழிந்து, உள்ளே இருக்கும் பீட்டா குளூக்கன் என்ற சர்க்கரைச் சங்கிலி வெளியே தெரியும். காற்றறையில் காவலிருக்கும் மேக்ரோஃபேஜ் அணுக்களில் டெக்டின்-1 என்று ஒரு ஏற்பி உண்டு. அது இந்தச் சர்க்கரையைத் தொட்டுப் பார்த்து அடையாளம் காணும். மேக்ரோஃபேஜ் வித்தை விழுங்கும், கூடவே கூப்பாடும் போடும். அந்தக் கூப்பாட்டுக்கு ரத்தத்திலிருந்து ஓடி வருபவை நியூட்ரோஃபில்கள்.

தப்பிப் பிழைத்த வித்து நூலாக நீண்டுவிட்டால் கதை மாறும். நியூட்ரோஃபில்லின் குறுக்களவு 12 மைக்ரான் போல. பூஞ்சை நூல் அதைவிடப் பல மடங்கு நீளும். விழுங்க முடியாது. ஆகவே பல நியூட்ரோஃபில்கள் நூலை மொய்த்து வெளியிலிருந்து தாக்கும். சில அணுக்கள் தங்கள் டி.என்.ஏ.வையே வலையாக வெளியே வீசி, அதில் ஒட்டியுள்ள புரதங்களால் பூஞ்சையைக் கட்டிப்போடும்.

இதற்கெல்லாம் முக்கியமான இயந்திரம் என்.ஏ.டி.பி.ஹெச். ஆக்சிடேஸ் என்ற நொதி. ஐந்து பாகங்கள். இரண்டு அணுவின் சவ்வில் இருக்கும். மூன்று உள்ளே தனியாகக் காத்திருக்கும். எதிரியைத் தொட்ட கணத்தில் அந்த மூன்றும் ஓடிவந்து சவ்வில் பொருந்தினால்தான் இயந்திரம் ஓடும். ஆக்சிஜனை சூப்பராக்சைடாக்கி, அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு, கடைசியில் பிளீச்சிங் பவுடரில் உள்ளதைப் போன்ற குளோரின் சேர்மம் வரைக்கும் உண்டாகும். ஒரு பாகம் பிறவியிலேயே இல்லையென்றால் நியூட்ரோஃபில் வரும், தொடும், விழுங்கும். கொல்ல மட்டும் செய்யாது. இதுதான் நாள்பட்ட கிரானுலோமா நோய், சுருக்கமாக சி.ஜி.டி. கொல்லப்படாத கிருமியைச் சுற்றி அணுக்கள் கூடிக்கூடி கட்டியாகின்றன. பயாப்சியில் டிபி மாதிரியே தெரிவது அதனால்தான்.

அமெரிக்காவில் 1950களில் இந்த நோயை முதலில் விவரித்தவர்களுக்கும் இதே குழப்பம் இருந்தது. குழந்தைகள் அடுக்கடுக்காகத் தொற்று வந்து இறக்கிறார்கள், ஆனால் இமியூனோகுளோபுலின் குறையவில்லை, உயர்ந்திருக்கிறது. வெள்ளையணுவும் உண்டு. விழுங்குவது நடக்கிறது, கொல்வது நடக்கவில்லை என்று 1967 இல் மினசோட்டா பல்கலைக்கழகக் குழு சோதனைக்குழாயில் காட்டிய பிறகுதான் விஷயம் பிடிபட்டது. இத்தனை ஆண்டு கழித்தும் நான் அதே இடத்தில்தான் இடறினேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பூஞ்சை என்றதும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்து, இல்லையென்று தெரிந்ததும் நிம்மதியாகிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஆனால் எந்தப் பூஞ்சை, எந்த இடத்தில் என்பதைப் பார்த்தாலே எந்த அணுவில் பழுது என்று பாதி தெரிந்துவிடும். டி அணுக்கள் குறைந்தால் வாய்ப்புண் கேண்டிடா, நுரையீரலில் நியூமோசிஸ்டிஸ், மூளை உறையில் கிரிப்டோகாக்கஸ். வாயிலும் நகத்திலும் மட்டும் கேண்டிடா விடாமல் வந்தால், அணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லும் இன்டர்லூக்கின்-17 என்ற புரதத்தின் வழியில் கோளாறு இருக்கலாம். நுரையீரலைத் துளைக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நியூட்ரோஃபில்லை. எண்ணிக்கை குறைவா, எண்ணிக்கை இருந்தும் வேலை இல்லையா என்பது அடுத்த கேள்வி.

மூன்றாம் நாள்: ரத்தம் பஸ் ஏறியது

சி.ஜி.டி.யைக் கண்டறியும் டி.ஹெச்.ஆர். பரிசோதனை எங்களிடம் இல்லை. நிறமில்லாத ஒரு சாயத்தை நியூட்ரோஃபில்லுக்குள் ஏற்றி, அணுவைத் தூண்டிவிடுவார்கள். நொதி வேலை செய்தால் சாயம் ஆக்சிஜனேற்றமாகிப் பச்சையாக ஒளிரும். ஃப்ளோ சைட்டோமீட்டர் ஒவ்வொரு அணுவின் ஒளியையும் அளக்கும். ரத்தம் ஒரு நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். ஐஸ் வைக்கக் கூடாது. ஆரோக்கியமான ஒருவரின் ரத்தமும் அதே பெட்டியில் அதே பயணத்தைச் செய்ய வேண்டும். இல்லையென்றால் வழியில் அணு செத்ததா, பிறவியிலேயே பழுதா என்று பிரித்தறிய முடியாது. மாணவி தன் கையை நீட்டினார். பையன், அவன் அம்மா, மாணவி என ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் மருந்து போட்ட மூன்று குழாய்கள் தெர்மாகோல் பெட்டியில் இரவு பஸ்ஸில் வேறு நகரத்துக்குப் போயின.

முடிவுக்குக் காத்திராமல் பூஞ்சை மருந்து தொடங்க முடிவெடுத்தோம். ஆஸ்பர்ஜில்லஸுக்கு முதல் தேர்வு வோரிகனசோல். இங்கேதான் முதல் நாள் அவசரம் குறுக்கே வந்தது. ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளை முடுக்கிவிட்டு வோரிகனசோலை ரத்தத்தில் தங்கவே விடாது. இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. ரிஃபாம்பிசினை நிறுத்தினாலும் அந்த முடுக்கம் உடனே அடங்காது. இரண்டு டோஸ்தானே என்று ஒருவர் சொன்னார். இருக்கலாம். ஆனால் மூச்சுக்குத் தவிக்கும் குழந்தையிடம் அதைச் சோதித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. டிபி மருந்துகளை நிறுத்தி, லைப்போசோமல் ஆம்ஃபோடெரிசின் கிலோவுக்கு 3 மில்லிகிராம் தொடங்கினோம். கூடவே பாக்டீரியாவுக்கு மெரோபெனமும் கோட்ரைமாக்சசோலும். பூஞ்சையின் சர்க்கரைப் பொருளை ரத்தத்தில் தேடும் கேலக்டோமன்னன் பரிசோதனை நெகடிவ் என்று வந்தது. பூஞ்சை இல்லை போலிருக்கிறது என்று ஒரு குரல் எழுந்தது. சி.ஜி.டி.யில் ஆஸ்பர்ஜில்லஸ் இருந்தும் இது நெகடிவாக வருவது தெரிந்த விஷயம் என்பதால் மருந்தை நிறுத்தவில்லை.

நாலாம், ஐந்தாம் நாள்: ஸ்டீராய்டு கொடுப்பதா?

நாலாம் நாள் காலை பையனை வென்டிலேட்டரில் போட வேண்டியதாயிற்று. குழாய் வழியாகவே நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில், குறுங்கோணத்தில் கிளைவிட்ட மெல்லிய பூஞ்சை நூல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தன. அவற்றைச் சுற்றி நியூட்ரோஃபில் கூட்டம், தேர்த்திருவிழா போல. பிறகு வளர்ப்பில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபூமிகேட்டஸ் வந்தது.

மாலையில் போன் வந்தது. வரைபடத்தில் மாணவியின் அணுக்கள் தூண்டியதும் மொத்தமாக வலப்பக்கம் நகர்ந்து பளிச்சென்று நிற்கின்றன. பையனுடையவை லேசாக அசைந்ததோடு சரி. அம்மாவுக்கு ஒரே மேடு, இயல்பானது. எக்ஸ் குரோமோசோம் வழி வந்திருந்தால் அம்மாவிடம் பெரும்பாலும் ஒளிர்வன, ஒளிராதன என்று இரண்டு மேடுகள் தெரிந்திருக்கும். ஆக, இரு பெற்றோரிடமிருந்தும் ஆளுக்கொன்றாக வந்த பழுது. நொதியின் பி47 என்ற பாகம் இல்லை என்பது பின்னர் உறுதியானது.

நோயின் பெயர் தெரிந்துவிட்டது, பையன் மோசமாகிக்கொண்டிருந்தான். இந்த இடத்தில் எங்களுக்குள் மூன்று கருத்து. ஆம்ஃபோடெரிசினைக் கூட்டுவோம் என்றார் ஒருவர். காத்திருப்போம் என்றார் இன்னொருவர். ஸ்டீராய்டு சேர்க்க வேண்டும் என்றது மூன்றாவது கருத்து, என்னுடையது. சொல்லும்போது எனக்கே குரல் கம்மியது. 2021 கோடையில் கரும்பூஞ்சை வார்டில் நின்றவர்கள் நாங்கள். தமிழ்நாட்டில் அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கிய அந்த மே மாதத்தில், சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்து நியூட்ரோஃபில்லை எப்படி முடக்கும் என்பதை, கண்ணை இழந்தவர்களின் முகத்தில் பார்த்தோம். பூஞ்சை உள்ள நுரையீரலுக்கு ஸ்டீராய்டா என்று செவிலியர் ஒருவர் கேட்டது நியாயமான கேள்வி.

என் வாதம் இதுதான். கழுவிய நீரில் பூஞ்சை கொஞ்சம், அணுக்கூட்டம் மலை போல. மூச்சை அடைப்பது பூஞ்சையல்ல, கூட்டம். அந்த நொதி உண்டாக்கும் ரசாயனம் கிருமியைக் கொல்வதோடு நிற்பதில்லை, வேலை முடிந்தது, கலையுங்கள் என்ற சைகையும் அதன் வழியாகப் போகிறது. சி.ஜி.டி.யில் அந்தச் சைகையும் இல்லை. இன்டர்லூக்கின்-1 கட்டுமீறிச் சுரக்கும், அழற்சி அணையாது. 2021 இல் நன்றாக வேலை செய்த அணுவை ஸ்டீராய்டு கெடுத்தது. இவனிடம் கெடுக்க அந்த ஆயுதமே இல்லை, அடக்க வேண்டிய கூட்டம்தான் இருக்கிறது. மேலைநாடுகளில் தோட்டத்தில் இலைச்சருகு மூடாக்கு பரப்பிய பிறகு இதே போல மூச்சுத்திணறி வந்த சி.ஜி.டி. நோயாளிகளைப் பற்றி 2007 இல் வந்த கட்டுரையும், பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டையும் சேர்த்தே கொடுக்கச் சொல்கிறது.

ஐந்தாம் நாள் பகல், அப்பாவை உட்கார வைத்து இரண்டு பக்க ஆபத்தையும் சொன்னோம். "உங்க புள்ளையா இருந்தா என்ன பண்ணுவீங்களோ அதைப் பண்ணுங்க" என்றார். மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை கிலோவுக்கு 1 மில்லிகிராம் தொடங்கினோம்.

பிறகு நடந்தது

ஏழாம் நாள் ஆக்சிஜன் தேவை பாதியானது. பத்தாம் நாள் குழாயை எடுத்தோம். முதலில் கேட்டது தண்ணீர், அடுத்தது செல்போன். ஆம்ஃபோடெரிசினால் பொட்டாசியம் இறங்கி மூன்று நாள் படுத்தியது. இரண்டு வாரம் கழித்து வோரிகனசோலுக்கு மாறினோம், ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்து டோஸ் ஒரு முறை கூட்ட வேண்டியிருந்தது. ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம். இருபத்தாறாம் நாள் வீட்டுக்குப் போனான்.

நாலு மாதத்துக்குப் பிறகு வோரிகனசோலை நிறுத்தி, தடுப்புக்காகத் தினமும் இட்ராகனசோலும் கோட்ரைமாக்சசோலும். இட்ராகனசோல் தடுப்பைப் பற்றி 2003 இல் வெளியான ஆய்வில் 39 நோயாளிகள். மருந்து காலத்தில் ஒருவருக்குத்தான் கடும் பூஞ்சைத் தொற்று, அவரும் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாதவர். ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத மாத்திரை கொடுத்த காலத்தில் ஏழு பேருக்கு. அப்பாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னபோது "அப்ப மாத்திரையைத் தவறவிடக் கூடாதுங்க" என்று அவரே முடித்துவிட்டார். கேப்ஸ்யூலைச் சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும், அசிடிட்டி மாத்திரை கூடாது என்பதை அம்மிச்சி மனப்பாடமாக வைத்திருக்கிறார்.

நிரந்தரத் தீர்வு எலும்பு மஜ்ஜை மாற்று. அக்காவுக்கு மரபணுப் பொருத்தம் இல்லை. பாதிப் பொருத்தத்தில் செய்வதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். குடும்பம் இன்னும் முடிவெடுக்கவில்லை, அவசரப்படுத்தவும் நான் விரும்பவில்லை. இடையில் ஒரு தடவை கழுத்தில் நெறி கட்டி, ஆன்டிபயாடிக்கில் அடங்கியது.

இனி மாற்றிச் செய்வது

இரண்டரை வயதுக் கல்லீரல் சீழில் ஸ்டஃபைலோகாக்கஸ் வந்த அன்றே டி.ஹெச்.ஆர். கேட்டிருக்க வேண்டும். அது எங்கள் ஆஸ்பத்திரி அல்ல, ஆனால் எங்களிடம் வந்திருந்தாலும் கேட்டிருப்போமா என்றால், நேர்மையாகச் சொல்ல, சந்தேகம்தான். இப்போது குழந்தையின் கல்லீரல் கட்டி ஒவ்வொன்றுக்கும் கேட்கிறோம். ரிஃபாம்பிசின் எழுதும் முன் "இது பூஞ்சையாக இருந்தால் என்ன ஆகும்?" என்று ஒரு நிமிடம் நின்று யோசிக்கிறோம். பரவிய டிபி போலத் தெரியும் படத்துக்கு, முந்தைய பத்து நாளில் குப்பைக்குழி, வைக்கோல் போர், பழைய சுவர் இடிப்பு உண்டா என்று கேஸ் ஷீட்டிலேயே ஒரு வரி சேர்த்தாயிற்று. ஸ்டீராய்டை நாலாம் நாள் மாலையே தொடங்கியிருக்கலாம். ஓர் இரவு போனது எங்கள் பயத்தால். இந்தப் பெற்றோருக்கு அடுத்து ஒரு குழந்தை பிறந்தால், பரிசோதனை முடிவு வரும்வரை பிசிஜி போடக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். "நோய் எதிர்ப்புச் சக்தி இயல்பு" என்ற வாக்கியத்தை நான் எழுதுவதில்லை. எதைச் சோதித்தேனோ அதை மட்டும் எழுதுகிறேன்.

மாடுகள் இப்போது சித்தப்பா தோட்டத்தில். மார்கழியில் வந்தபோது பையன், அப்பாவை முந்திக்கொண்டு கேட்டான்: "மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்குப் பெயிண்ட் அடிக்கலாங்களா?" கட்டுத்தரைக்குள் போகக் கூடாது, வைக்கோல் பக்கமும் போகக் கூடாது, மாட்டைக் கழுவி வாசலுக்கு ஓட்டிவந்து கட்டினால் அடிக்கலாம் என்றேன். தை கடைசியில் அடுத்த செக்கப்புக்கு வந்தான். எடை 21 கிலோ. நெஞ்சு எக்ஸ்-ரேயில் புதிதாக ஒன்றுமில்லை. விரலில் ஆக்சிமீட்டரை மாட்டியபோது நகக்கண்ணில் நீலப் பெயிண்ட் இருந்தது, அதைச் சுரண்டிவிட்டு இன்னொரு விரலில் மாட்டினோம். 98.